கருவாட்டுக் கடைக்கு சிலேடைப் பேர் வைக்கலாமா, சினிமா டயலாக்ல வச்சா ஓடுமா?

ராமேஸ்வரம் தீவுல, தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மாவும் சித்தியும் வருஷக்கணக்கா கருவாடு போடுறாங்க, இவங்க அதை பாக்கெட் போட்டு வாட்ஸ்அப்லயும் ஆன்லைன்லயும் விக்கப் போறாங்க, பேருக்கு மூணு யோசனை வச்சிருக்காங்க: ‘மீன்-ஆட்சி’, ‘வலை’, ‘கருவாடு டா’. இதுல எது நல்லாருக்கு, சினிமா டயலாக் வச்சா கேஸ் வருமா, பெரிய விளம்பரக் கம்பெனிங்க எல்லாம் இப்படி வார்த்தையில விளையாடித்தானே ஜெயிக்கிறாங்கன்னு கேட்டிருக்காங்க. கேள்வியை ரெண்டு மூணு தடவை படிச்சேன். எது நல்லாருக்குங்கிறது மேலாப்ல தெரியுற கேள்வி, உள்ள நீங்க கேக்குறது வேறன்னு எனக்குப் படுது: பேரைப் பார்த்து ஒருத்தர் சிரிச்சுட்டா அவர் வாங்கிருவாரா, வாங்குனவர் ரெண்டாவது தடவை அதே பேரைச் சொல்லிக் கேப்பாரா. அதுக்குத்தான் பதில் எழுதுறேன், நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

எனக்குச் சொந்த ஊர் பெரியபட்டினம் பக்கம். சென்னையில ஒரு பிராண்டிங் டீம்ல 16 வருஷம் இருந்தேன், வேலை என்னன்னா பொருளுக்குப் பேர் வைக்கிறது, பேருக்குக் கீழ ஒரு வரி எழுதுறது, பஸ் பின்னாடி, சுவர்ல, பேப்பர்ல வர்ற விளம்பரத்துக்கு வாசகம் எழுதுறது. இப்ப ராமநாதபுரத்துல இருந்துக்கிட்டு சின்னதா வியாபாரம் பண்றவங்களுக்கு இதே வேலையைச் செய்றேன், மிளகாய் வத்தல், கருப்பட்டி, தொதல்ங்கிற இனிப்புன்னு. நான் வக்கீல் கிடையாது. ஆனா டீம்ல ஒரு பேர் முடிவாகுறதுக்கு முன்னாடி டிரேட்மார்க் பாக்குற ஆளுங்களோட உக்காந்து பேசியே ஆகணும், அங்க கத்துக்கிட்டது வரைக்கும் சட்டம் சொல்றேன், அதுக்கு மேல வேணும்னா காசு கொடுத்து ஒரு வக்கீலைப் பாருங்க.

முதல்ல ஒண்ணு, வார்த்தை விளையாட்டு விளம்பரக்காரங்க கொண்டு வந்த சரக்கு இல்ல. நம்மகிட்ட சிலேடைன்னு பேர் வச்சு இலக்கணமே இருக்கு. தண்டியலங்காரம் அதை ரெண்டாப் பிரிக்குது: வார்த்தையை உடைக்காம அப்படியே ரெண்டு அர்த்தம் வந்தா செம்மொழிச் சிலேடை, உடைச்சாத்தான் ரெண்டாவது அர்த்தம் வரும்னா பிரிமொழிச் சிலேடை. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பாடினதாச் சொல்ற ‘வெங்காயம் சுக்கானால்’ பாட்டு பார்க்க மளிகைச் சீட்டு மாதிரியே இருக்கும், வெங்காயம், சுக்கு, வெந்தயம், சீரகம், பெருங்காயம்னு வரிசையா வரும், யாரோ செட்டியார் கடையில சாமான் வாங்குறாருன்னு நினைச்சுக்கிட்டே கேப்போம், உடைச்சுப் பார்த்தா வெம்மையான காயம், வெந்த அயம், சீர் அகம்னு உடம்பையும் மோட்சத்தையும் பத்திப் பேசுற பாட்டு, அந்தச் செட்டியார் சுவாமிமலை முருகன். டீம்ல புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் இதைத்தான் முதல் நாள் காட்டுவேன். ஏன்னா ரெண்டு அர்த்தமும் சொந்தக் கால்ல நிக்குது. மளிகையாப் படிச்சாலும் பாட்டு ஓடுது, மோட்சமாப் படிச்சாலும் ஓடுது. இன்னைக்கு ஃபிளக்ஸ்ல நாம பாக்குற முக்கால்வாசி சிலேடையில ஒரு அர்த்தம்தான் நிக்கும், இன்னொண்ணு இழுத்துக்கிட்டு வரும்.

உங்க தொழிலையே எடுத்துக்கங்க. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ எல்லாருக்கும் தெரிஞ்ச பழமொழி. பாக்கெட்ல ‘உப்பிட்டது நாங்க, நினைக்கப் போறது நீங்க’ன்னு போட்டீங்கன்னா, உப்பிட்டதுங்கிறது உங்க வீட்டு முத்தத்துல நிஜமாவே நடந்த வேலை, உங்க அம்மா கை உப்பு அது, அதே நேரம் பழமொழியும் பழுதில்லாம நிக்குது. திருக்கை மீனை எடுங்க, உடைச்சா திரு, கை. ‘அம்மா திருக்கையால போட்ட திருக்கை’ன்னு எழுதினா காளமேகம் வழியில வந்த பிரிமொழிச் சிலேடை அது, எங்கயும் பொய் இல்ல. பாறை மீனுக்கு ‘எங்க ஊர்ப் பாறை சீக்கிரம் வெந்துரும்’னு எழுதலாம். கருப்பட்டியும் சேர்த்து விக்கிற யோசனை இருந்தா ‘கரையில பிறந்தது, காப்பியில கரையும்’. இதெல்லாம் உக்காந்து பத்து நிமிஷத்துல எழுதினது, உங்களுக்கு வேணும்னா தாராளமா எடுத்துக்கங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், இது அத்தனையும் வரி. இதுல ஒண்ணு கூட பேர் இல்ல.

இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கிட்டா உங்க கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சிரும். சிலேடை முதல் தடவை காதுல விழும்போதுதான் சுடச்சுட இருக்கும், ரெண்டாவது தடவை தெரிஞ்ச ஜோக், பத்தாவது தடவை அது வெறும் சத்தம். பேர் அப்படி இல்ல, அதை ஒரே ஆள் நூறு தடவை பார்ப்பார், கூரியர் கொண்டு வர்றவர் சொல்வார், பணம் அனுப்பும்போது போன்ல வரும், நாளைக்கு எதாவது பிரச்சனைன்னு கோபமா கூப்பிடுறவரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், அந்த நேரத்துல ஒரு ஜோக்கை வாயில வச்சுக்கிட்டு யாரும் பேச முடியாது. அமுல் விளம்பரத்தைப் பாருங்க, 1966ல இருந்து அந்தப் புள்ளி கவுன் போட்ட பாப்பாவை வச்சு ஊர்ல நடக்குற எல்லாத்தையும் வார்த்தை விளையாட்டா மாத்துறாங்க, சினிமா வந்தா சினிமா, கிரிக்கெட்னா கிரிக்கெட், தேர்தல்னா தேர்தல். விளையாட்டு எல்லாம் ஹோர்டிங்ல, அது ஓயாம மாறிக்கிட்டே இருக்கும். ‘அமுல்’ங்கிற மூணெழுத்து மாறவே இல்ல, அதுல எந்த விளையாட்டும் இல்ல. பெரிய கம்பெனிங்க வார்த்தையில விளையாடித்தான் ஜெயிக்கிறாங்கன்னு நீங்க சொன்னது சரிதான், ஆனா எந்த இடத்துல விளையாடுறாங்கன்னு பார்க்கணும்.

இதை நம்ம கடற்கரையில இருக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதே இல்ல. போட்டுக்கு என்ன பேர் வைக்கிறாக? அந்தோணியார், மாதா, அம்மன், தர்கா பேரு, பெத்த பிள்ளை பேரு. நடுக்கடல்ல இஞ்சின் சத்தத்துல வயர்லெஸ் செட்ல கூப்பிட்டா ஒரே தடவையில விளங்கணும், ஆபத்துன்னா இன்னும் சீக்கிரம் விளங்கணும், அதனால பேர்ல யாரும் விளையாடுறதில்ல. கேலி, கிண்டல், பாட்டு எல்லாம் வலை இழுக்கும்போது நடக்கும்.

சரி, நீங்க யோசிச்சு வச்சிருக்கிற பேருங்களுக்கு வரேன். ‘வலை’ கேக்க அழகா இருக்கு, மீன் வலை, இணைய வலை, ரெண்டும் பொருந்துது, செம்மொழிச் சிலேடைக்கு சரியான உதாரணம். ஆனா ரெண்டு சிக்கல். முதல்ல உங்களுக்குத் தோணுன சிலேடை உங்களுக்கு முன்னாடியே நிறையப் பேருக்குத் தோணியிருக்கும், ஆன்லைன்ல மீன் விக்க நினைக்கிற தமிழ்க்காரர் யாரா இருந்தாலும் அவருக்கு முதல்ல வர்ற வார்த்தையே இதுதான், ‘ஐ மீன்’ மாதிரி. எங்க டீம்ல ஒரு வழக்கம் இருந்துச்சு, முதல் ஒரு மணி நேரத்துல வர்ற பேரை எல்லாம் போர்டுல எழுதி அப்படியே கோடு போட்டு அடிச்சிருவோம், அதெல்லாம் ஊருக்குப் பொதுச் சொத்து, நம்ம வேலை அதுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். ரெண்டாவது சிக்கல், வலைக்கு நம்ம பேச்சுல மூணாவதா ஒரு அர்த்தம் இருக்கு, ‘வலை விரிச்சான்’, ‘வலையில விழுந்துட்டேன்’னா ஏமாந்த கதை. முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட முன்பணம் வாங்கிப் பொருள் அனுப்புற வியாபாரத்துக்கு அந்த நிழல் கூடவே வரக் கூடாது.

இன்னொரு சோதனை இருக்கு, நான் எல்லாருக்கும் சொல்றது. பாம்பன் பாலத்துல பஸ் போகும்போது காத்து இரையும்ல, அந்த நேரத்துல வெளியூர்ல இருக்கிற ஒருத்தருக்குப் போன் போட்டு பேரை ஒரே ஒரு தடவை சொல்லுங்க, விளக்கக் கூடாது, அவர் கேட்டதை எழுதி அனுப்பட்டும். சாயல்குடி பக்கத்துல இருந்து கருப்பட்டி விக்கிற ஒருத்தர் ‘கரை’ன்னு பேர் வைக்கணும்னு வந்தார், கடற்கரை, கரைஞ்சு போறது, வேட்டிக்கரைன்னு எல்லா அர்த்தமும் நல்ல அர்த்தம், எனக்கே ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அஞ்சு பேருக்குப் போன்ல சொன்னோம், மூணு பேர் ‘கறை’ன்னு எழுதி அனுப்பினாங்க. திங்கிற பொருளுக்கு அழுக்குன்னு பேர் வச்ச மாதிரி ஆகிருச்சு. அவரே வேணாம்னுட்டார். அதுலயும் இங்கிலீஷ் எழுத்துல எழுதினா கரையும் கறையும் ஒண்ணுதான், வலை, வளை, வாலை, வாளை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எழுத்துலதான் வந்து விழும், இன்ஸ்டாகிராம் பேரு, ஈமெயில், பணம் வாங்குற ஐடி எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதானே. நம்ம பக்கம் ழ-வும் ள-வும் வாயில ஒண்ணாயிருது, ‘வாளப்பளம்’னுதான் சொல்றோம், அதனால வாளை மீனையும் வாழையையும் வச்சு ஒரு சிலேடை பண்ணா இங்க காதுக்கு நல்லாருக்கும், எழுத்துல போட்ட உடனே செத்துப் போயிரும். ழ, ற, ண வர்ற பேர் அழகுதான், ஆனா ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க, தேடுறவருக்கு நீங்க கிடைக்க மாட்டீங்க.

‘மீன்-ஆட்சி’யை நீங்க நல்ல மனசோடதான் யோசிச்சிருக்கீங்க, அது தெரியுது. மீன் போல கண் உள்ளவள்னு பொருள் சொல்ற பேரை மீனோட ஆட்சின்னு உடைச்சது கெட்டிக்காரத்தனம்தான். ஆனா உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய சந்தை மதுரை. அந்த ஊர்ல அம்மன் பேரை கருவாட்டு பாக்கெட் மேல பார்க்கிற ஒரு பாட்டிக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அவங்க வீட்டுலயும் கருவாட்டுக் குழம்பு வைப்பாங்க, ரசிச்சுச் சாப்பிடுவாங்க, ஆனா வெள்ளி செவ்வாய்ல அந்த பாக்கெட்டை அடுப்படியில வச்சிருக்க மாட்டாங்க. சட்டத்துலயும் இடம் இல்லாம போகலாம், மத உணர்வைப் புண்படுத்தும்னு தோணுற அடையாளத்தைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு 1999ஆம் வருஷ டிரேட்மார்க் சட்டத்துலயே இருக்கு. அது தவிர 2015ல ஊதுபத்திக்கு ‘ராமாயணம்’னு பேர் பதிவு கேட்ட வழக்குல, புனித நூல் பேரை ஒரு ஆள் தனக்கு மட்டும்னு எடுத்துக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. உங்க பேரை நிச்சயம் மறுத்துருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், நடுவுல கோடு போட்டு எழுதினா அதிகாரி வேற மாதிரியும் பார்க்கலாம். ஆனா ஒரு பாட்டி முகம் சுளிக்கிற பேர் எனக்கு வேணாம்.

இதே மாதிரி ஒண்ணு எங்க டீம்லயும் நடந்துச்சு. கருவாடுன்னா செத்த பிறகும் ருசி கொடுக்கிறது, உடனே ஒரு பையன் ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’யை வச்சு ஒரு வரி எழுதிட்டான். வார்த்தையா பார்த்தா பிரமாதம், ரூம்ல எல்லாரும் கைதட்டினாங்க. நான் மட்டும் வேண்டாம்னேன். சென்னையில இருக்கிறவங்களுக்கு சீதக்காதி ஒரு பழமொழியில வர்ற பேர். எங்களுக்கு அவர் கீழக்கரைக்காரர், சீறாப்புராணம் பாடின உமறுப் புலவரை ஆதரிச்ச வள்ளல், அவர் அடங்கியிருக்கிற இடமும் அந்த ஊர்லதான் இருக்கு. கீழக்கரை ஆளுங்ககிட்ட கருவாட்டு பாக்கெட்ல அதைக் கொண்டு போய்க் கொடுக்க எனக்கு மனசு வராது. அந்தப் பையன்கிட்ட இதைச் சொன்னதும் சட்டுன்னு புரிஞ்சுக்கிட்டான், இத்தனைக்கும் அவன் கோயம்புத்தூர்.

ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுறது இந்தத் தொழில்ல ரொம்பப் பெரிய விஷயம், அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். கீழக்கரையில ‘காக்கா’ன்னா அண்ணன். மரியாதையான, பாசமான வார்த்தை. அதே வார்த்தையை சென்னையில சாப்பாட்டோட சேர்த்துச் சொன்னா காக்கா பிரியாணிதான் ஞாபகம் வரும், அது சினிமா காமெடி கொடுத்த அர்த்தம். ஒரு தொதல் வியாபாரி ‘காக்கா கடை’ன்னு பேர் வைக்க ஆசைப்பட்டார், ஊருக்குள்ள அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க, ஊர்ல போர்டு வைக்க அதை விட நல்ல பேர் கிடைக்காது. வெளியூருக்கு அனுப்புற டப்பாவுல மட்டும் வேற பேர் போடச் சொன்னேன், அவருக்கு வருத்தம்தான், எனக்கும் வருத்தம்தான். மீன் பேர்லயும் இதே கதை, நாம சீலாங்கிறதை சென்னையில வஞ்சிரம்பாங்க, நம்ம கணவாய் அங்க கடம்பா. ‘மலை ஏற வேண்டாம், கணவாய் வீடு தேடி வரும்’னு நீங்க எழுதுனா ராமநாதபுரத்துல சிரிப்பாங்க, சென்னைக்காரருக்கு அதுல மீனே தெரியாது, மலை மட்டும்தான் தெரியும். ரெண்டு அர்த்தமும் ஏற்கனவே தெரிஞ்ச ஆளுக்குத்தான் சிலேடை, ஒண்ணைச் சொல்லிக் கொடுத்துப் புரிய வச்சா அது பாடம். அதனால யாருக்கு விக்கிறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஊர்க்காரங்களுக்குன்னா இங்கத்திப் பேச்சையே வைங்க, ‘சீலா’ன்னு பார்த்தாலே அவங்களுக்கு ஊர் ஞாபகம் வந்துரும்.

இப்ப ‘கருவாடு டா’. 2016ல கபாலி வந்தப்ப அந்த ‘டா’ எல்லா வாய்லயும் இருந்துச்சு, ஏர் ஏசியா ஒரு விமானத்து மேலயே ரஜினி படத்தைப் போட்டு ஓட்டுனாங்க. அது படக் கம்பெனியோட முறையா ஒப்பந்தம் போட்டுப் பண்ணது. நாம பண்றது ஒப்பந்தம் இல்லாம. சட்டத்துல இதுல உறுதியா சொல்லக் கூடியது சிலது இருக்கு. சினிமாத் தலைப்புக்குக் காப்பிரைட் கிடையாதுன்னு 2015ல ‘தேசி பாய்ஸ்’ வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, அதைக் கேட்டுட்டு நிறையப் பேர் தலைப்பை யாரும் எடுத்துக்கலாம்னு கிளம்பிட்டாங்க, ஆனா தலைப்பை டிரேட்மார்க்கா பதிவு பண்ணியிருந்தா நிலைமை வேற. நடிகர் விஷயம் இன்னும் கறார், அதே 2015ல ரஜினி பேரைத் தலைப்புல வச்சு எடுத்த ஒரு இந்திப் படத்துக்கு எதிரா சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னுச்சு, 2023ல டெல்லி உயர் நீதிமன்றம் அனில் கபூரோட பேர், படம், குரல், கூடவே அவர் சொல்ற ‘ஜக்காஸ்’ங்கிற வார்த்தை வரைக்கும் அனுமதி இல்லாம வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. சந்தேகமான பகுதி எதுன்னா வெறும் ‘டா’. அதை யாரும் எனக்கு மட்டும்னு சொல்ல முடியாது, நாம நாள் முழுக்க சொல்ற வார்த்தை. அதே ‘டா’ பக்கத்துல கோட்டு, சூட்டு, கூலிங் கிளாஸ் போட்டு ஒரு உருவத்தை வரைஞ்சா யாரைச் சொல்றீங்கன்னு குழந்தைக்கும் தெரியும், ஆபத்து அங்க தொடங்குது. சின்னக் கடை மேல கேஸ் போட்டு நான் பார்த்தது குறைவு. ஆனா ஆன்லைன்ல ஒரு புகார் போனாலே போதும், உங்க பக்கத்தைத் தூக்கிருவாங்க, ஒரு வருஷமா சேர்த்த வாடிக்கையாளர் ஒரே நாள்ல போயிருவாங்க.

கேஸை விடுங்க, எனக்கு அதை விடப் பெரிய கவலை ஆயுசு. 2019 மே கடைசியில காண்ட்ராக்டர் நேசமணி உலகம் முழுக்க டிரெண்ட் ஆனது ஞாபகம் இருக்கா? ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர்னு ஒரு பக்கத்துல கேட்டிருந்தாங்க, நம்ம ஆள் ஒருத்தர் வடிவேலு காமெடியை பதிலா எழுத, 2001ல வந்த படத்து ஆளுக்கு ஊரே பிரார்த்தனை பண்ணுச்சு. ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளுக்குள்ள போஸ்ட் போட்டவங்க ஜெயிச்சாங்க, மூணாவது நாள் போட்டவங்களை யாரும் திரும்பிப் பார்க்கல. சினிமா வார்த்தையோட கணக்கு அப்படித்தான். இதுல எனக்கே ஒரு அடி விழுந்திருக்கு. ஒரு மசாலா கம்பெனிக்கு, ரிலீஸாகப் போற படத்தோட பஞ்ச் டயலாக்கை கொஞ்சம் மாத்தி பஸ் பின்னாடி விளம்பரம் எழுதிக் கொடுத்தேன், டிரைலர்லயே அந்த டயலாக் பயங்கர ஹிட். படம் வெள்ளிக்கிழமை வந்துச்சு, திங்கக்கிழமை தியேட்டர் காலி. எங்க விளம்பரம் மட்டும் மூணு மாசம் ஊர் சுத்துச்சு, ஏன்னா பஸ்ஸுக்கு மூணு மாசக் காசு கட்டியாச்சு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்னா மறுநாள் போயிரும், ரீல்ஸ்னா ஒரு வாரத்துல கீழ போயிரும், அங்க சினிமாவை வச்சு எவ்வளவு வேணும்னாலும் விளையாடுங்க, நடிகர் படத்தை மட்டும் போடாதீங்க. பாக்கெட்ல அச்சடிச்ச பேரை அப்படி மாத்த முடியாது.

சிரிச்சா வாங்குவாங்களாங்கிற கேள்விக்கு உறுதியான பதில் என்கிட்ட இல்ல. சிரிப்பையும் விற்பனையையும் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டுற கணக்கு நான் வேலை பார்த்த இடத்துல உருப்படியா இருந்ததே இல்ல, எல்லாரும் ஜெயிச்ச விளம்பரத்தை மட்டும் எடுத்துக் காட்டுவாங்க. சின்ன வியாபாரத்துல என் கண்ணால பார்த்தது இவ்வளவுதான்: சிலேடை போட்டா நிறையப் பேர் மத்தவங்களுக்கு அனுப்புறாங்க, ஆர்டர் வர்றது என்னவோ நெத்திலி காயுற படத்துக்கும், மண் இல்லாம வலை விரிப்பு மேல காயப் போட்டிருக்கோம்னு சொல்ற வீடியோவுக்கும்தான். சிலேடை ஆளைக் கடை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வருது, அதுக்கு மேல கருவாடுதான் பேசணும். வேற பொருள்ல இது வேற மாதிரி இருக்கலாம், சோப்பு, ஐஸ்கிரீம் எல்லாம் சிரிச்ச வேகத்துலயே கை நீட்டி எடுக்கிற பொருள். கருவாடு அப்படி இல்ல, நாத்தம் அடிக்குமா, உப்பு கூடவா, மண் இருக்குமான்னு பயந்துக்கிட்டே வாங்குறது.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இன்னைக்கும் வரி மாறாம ஞாபகம் இருக்கிற விளம்பரம் எது தெரியுமா, இலங்கை வானொலியில வந்த கோபால் பல்பொடி. இந்தியா, இலங்கை, மலேசியான்னு நாட்டுப் பேரை அடுக்குறதுதான், அதுல சிலேடையே இல்ல. அப்பல்லாம் ராமேஸ்வரம் பக்கம் இலங்கை ரேடியோ நம்ம ரேடியோவை விடத் தெளிவாக் கேக்கும், அந்தக் குரலும் தாளமும் அப்படியே காதுல ஏறிருச்சு. நரசுஸ் காபியோட ‘பேஷ் பேஷ், ரொம்ப நன்னாருக்கு’ அதுவும் சிலேடை கிடையாது, ஒரு வீட்டுப் பேச்சு. நம்ம மாவட்டத்துல மூக்கையூர்ல இருந்து ‘உங்கள் மீனவன்’னு ஒரு யூடியூப் சேனல் வருது, எத்தனை ஊர்ல பாக்குறாங்க. ரெண்டே வார்த்தை, யாரு பேசுறா, யாருகிட்ட பேசுறாங்கிறது முழுசா வந்துருச்சு. இதெல்லாம் ஏன் நின்னுச்சுன்னா, சொல்லச் சுலபம், கேட்டா குரல் தெரியுது.

வேலை விஷயமா சிலது. பேர் முடிவு பண்ற முன்னாடி அரசு டிரேட்மார்க் தளத்துல இலவசமாத் தேடலாம், கருவாடு 29ஆம் வகுப்பு, மசாலா, கருப்பட்டி எல்லாம் 30ஆம் வகுப்பு. தனி ஆள், சின்ன தொழில்னா ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவானா 10 வருஷம், அப்புறம் புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். ‘ராமேஸ்வரம் கருவாடு’ன்னு வச்சா ஊர் பேரும் பொருள் பேரும் மட்டும்தான் இருக்கு, அதை உங்களுக்கு மட்டும்னு வாங்குறது ரொம்பக் கஷ்டம், நாளைக்கு அடுத்த தெருக்காரரும் அதையே போடுவார், நீங்க ஒண்ணும் சொல்ல முடியாது. ஊர் பேருக்கு மதிப்பு இல்லாம இல்ல, பெங்களூருல 2021ல ராமேஸ்வரம் கபேன்னு திறந்து எவ்வளவு பெரிசா வந்துட்டாங்க, ஐயா கலாம் பிறந்த ஊருங்கிற மரியாதையில வச்ச பேர் அது. நீங்க ஊர் பேரை பேருக்குக் கீழ போட்டுக்கங்க. பின்னாடி மிளகாய் வத்தலும் விக்கிறதா இருந்தா ஒரு விஷயம், ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு, அது விவசாயிகளுக்குப் பொதுவானது, நம்ம பிராண்டா பதிவு பண்ண முடியாது. லேபிள்ல எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற உணவு உரிம நம்பரும், அசைவம்னு காட்டுற பழுப்பு முக்கோணமும், ‘நெத்திலி கருவாடு’ன்னு பொருளோட நிஜப் பேரும் இருந்தே ஆகணும், பிராண்டு பேர்ல எவ்வளவு விளையாடினாலும் அதுக்குப் பதிலா ஆகாது. விளையாட்டு வரிக்கு நல்ல காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஊர்ல பச்சை மீன் விலை ஏறிக் கிடக்கும், அப்ப ‘தடைக்காலத்துலயும் தடை இல்லாத மீன்’னு தினம் ஒரு ஸ்டேட்டஸ் போடுங்க. அக்காமடம் பக்கத்துலயே இருக்கு, ‘அக்காமடம் கேட்டுச்சு, தங்கச்சிமடம் அனுப்புச்சு’ன்னு ஒரு நாள் போடலாம், நம்ம தீவுக்காரங்க பார்த்தா விடாம நாலு பேருக்கு அனுப்புவாங்க.

மூணுல ஒண்ணைச் சொல்லுங்கன்னு கேட்டா, மூணையும் ஸ்டேட்டஸுக்கு மாத்திருங்க, ‘மீன்-ஆட்சி’யை மட்டும் அதுக்கும் வேண்டாம். பேருக்கு இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கங்க. அம்மாவும் சித்தியும் மீனைக் கீறி, கழுவி, உப்புப் போட்டுக்கிட்டே பேசுவாங்கல்ல, ஒரு நாள் முழுக்க போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சே பண்ணுங்க. காயுற பதத்துக்கு அவங்க ஒரு வார்த்தை வச்சிருப்பாங்க, நல்ல மீனைப் பார்த்தா ஒரு வார்த்தை சொல்வாங்க, சித்தியை அம்மா கூப்பிடுறதே ஒரு மாதிரி இருக்கும். அதுல சின்னதா, வாயில சுலபமா வர்ற, ழ-வும் ற-வும் இல்லாத ஒரு அஞ்சு வார்த்தையைப் பொறுக்கி இங்கயே போடுங்க. போன் சோதனைக்கு ஆள் நான் பிடிச்சுத் தரேன், மதுரையில ரெண்டு பேர், சென்னையில ரெண்டு பேர், துபாய்ல எங்க மச்சான் ஒருத்தர் இருக்கார்.